ஈக்குத் தனி இலை

வியாபாரம் படுத்துப்போன கடைக்காரரைப் பார்த்து, "என்ன, ஈ ஓட்டுறீங்களா?" என்று கேட்பது நம் ஊர்க் கேலி. என்னிடம் அந்தக் கேலி செல்லாது. அரசாங்கமே என்னை வேலைக்கு வைத்து ஈ ஓட்டச் சொன்னது. முப்பது வருஷம் ஓட்டினேன். பென்ஷனும் கொடுத்தார்கள்.

பூச்சி ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கூண்டு கட்டுவதும் ஈயை எண்ணுவதும் உங்கள் கையேட்டில் இருக்கின்றன. நான் எழுதினால் அவ்வளவு சுத்தமாக வராது. அதனால் கையேட்டில் இல்லாததை எழுதுகிறேன். நான் மண்ணைக் கவ்விய கதை இது. தாராளமாகச் சிரிக்கலாம். எழுதும்போது நானும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. சமஸ்தானம் போய், புதுக்கோட்டை அப்போது திருச்சி ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. இண்டர்மீடியட் முடித்துவிட்டு ஆவூரில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு, பூச்சி பிடிக்கும் வேலை கிடைத்தது. என் திறமையைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். விண்ணப்பம் போட்ட ஆண்பிள்ளைகள் வேலை என்னவென்று தெரிந்ததும் ஓடிவிட்டார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

ஆவூரில் மாதா கோயில் மணிக்கு அடுத்தபடி அதிகம் கேட்பது வாத்தியார்களின் குரல்தான். வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். அதனால் ஆவூரிலிருந்து படித்த பெண் வருகிறாள் என்றால் சுற்றுவட்டாரத்தில் அவள் டீச்சர்தான். வலையும் கண்ணாடிக் குழாயுமாக விராலிமலையில் போய் நின்ற அன்றே எனக்கு 'ஈ டீச்சர்' என்று பெயர் விழுந்துவிட்டது. முதலில் கோபம் வந்தது. பிறகு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாவிட்டால்தான் கோபம் வந்தது.

டி.டி.டி. மருந்து வந்த புதிதில் ஈக்கள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தன. கொஞ்ச காலத்தில் அவற்றுக்கு அது பழகிவிட்டது. தின்பண்டத்தின் பக்கத்தில் அதைத் தெளிக்கவும் முடியாது. ஆகவே, நம் பக்கத்து மரம் செடிகளில் கிடைக்கும் எண்ணெய்களில் எதற்கு ஈ ஒதுங்குகிறது என்று பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. கூண்டுக்குள் வெல்லப் பாகு வைத்து, தட்டின் விளிம்பில் ஒவ்வோர் எண்ணெயாகத் தடவிப் பார்த்தேன். இலுப்பெண்ணெயை ஈக்கள் சட்டை செய்யவேயில்லை. புங்கெண்ணெய்க்குக் கொஞ்சம் யோசித்தன. எலுமிச்சைப்புல் எண்ணெய்க்கு நன்றாகவே விலகின. வேப்பெண்ணெய்த் தட்டில் ஒன்றுகூட இறங்கவில்லை. வேப்பெண்ணெய்க்கு முதல் வகுப்பு, எலுமிச்சைப்புல்லுக்கு இரண்டாம் வகுப்பு என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

அந்த வருஷம் ஆனி மாதம், விராலிமலைப் பக்கம் சீதபேதி கண்டது. திருச்சி–மதுரை சாலையில், பஸ் நிற்கும் இடத்தில் பலாச்சுளைக் கடைகள் வரிசையாக இருந்தன. கடை என்றால் நாலு கழி, மேலே கீற்று, முன்னால் ஒரு பலகை, அவ்வளவுதான். ஆலங்குடிப் பக்கத்திலிருந்து வண்டியில் வரும் பழத்தைப் பிளந்து, சுளையைப் பலகையில் பரப்பி வைப்பார்கள். பலகையில் சுளை தெரியாது, ஈதான் தெரியும்.

எங்கள் அதிகாரி ஒரு டாக்டர். தம் பெயர் அச்சில் வருவது அவருக்குப் பிடிக்காது, அதனால் பெயர் வேண்டாம். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஏம்மா, ஒனக்கு ஏழு நாள். அந்தப் பலகைகள்ல ஈ இல்லாமப் பண்ணிக் காட்டு. முடியலன்னா வெட்டுன பழம் விக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுருவேன். எனக்கு வேற வழியில்ல."

உத்தரவு போட்டால் அந்த வரிசை முழுவதும் காலி. பலா சீசனில் கிடைப்பதை வைத்துத்தான் அவர்கள் மிச்ச வருஷத்தை ஓட்டவேண்டும். ஆனால் எனக்குத் துளியும் பயமில்லை. என் நோட்டில் இரண்டு கோடு போட்ட வேப்பெண்ணெய் இருந்ததே!

வரிசையின் கோடியில் தாவூது ராவுத்தர் கடை. ஐம்பது வயது மனிதர், வாயைத் திறந்தால் கேலி. அவருக்குப் பக்கத்துக் கடை பொன்னம்மா அக்காவுடையது. இருவருக்கும் பகை கிடையாது, ஆனால் ஒரு நாள்கூட ஒத்துப்போனதும் கிடையாது. ராவுத்தர் கடையின் கழி, பலகையின் விளிம்பு, கீழே விரித்த சாக்கு எல்லாவற்றிலும் வேப்பெண்ணெய் தடவினேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்று பொன்னம்மா அக்கா கடையைத் தொடவில்லை.

"எங்கடைக்கு மட்டும் ஏந்தாயி மருந்து இல்ல?" என்று அக்கா கேட்டார்.

"படிச்சவுகளுக்குத் தெரியும்ல, யாரு பழம் ஒசத்தின்னு," என்றார் ராவுத்தர்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அரை மணி நேரத்தில் ராவுத்தர் பலகை பளிச்சென்று ஆகிவிட்டது. மஞ்சள் சுளைகள் மட்டும் வெயிலில் மின்னின. எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். அப்போது மதுரை பஸ் வந்து நின்றது.

இறங்கியவர்கள் நேராக ராவுத்தர் கடைக்கு வந்தார்கள். நின்றார்கள். பார்த்தார்கள். துண்டைத் தோளில் போட்ட பெரியவர் ஒருவர் குனிந்து பலகையை உற்றுப் பார்த்தார்.

"என்னப்பா இது, ஒரு ஈகூட அண்டல! இது எப்புடி இனிக்கும்?"

அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் பொன்னம்மா அக்கா கடைக்கு நகர்ந்துவிட்டது. அங்கே ஈ அடை அடையாக மொய்த்துக்கொண்டிருந்தது. "இதுதான் பழம்!" என்று கையால் ஈயை விலக்கி விலக்கி வாங்கினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் பக்கத்தில் பலாப்பழம் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது ஈயைத்தான். எந்தப் பழத்தில் அதிகம் மொய்க்கிறதோ அதுதான் தேன் பழம். நானே சின்ன வயதிலிருந்து அப்படிப் பார்த்து வாங்கியவள்தான். கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் அது எனக்கு மறந்தே போயிற்று. ஈயின் மூக்கைச் சோதித்த நான் மனிதர்களின் கண்ணைச் சோதிக்கவில்லை.

பஸ் கண்டக்டர் மட்டும் ராவுத்தரின் பழைய வாடிக்கை. தைரியமாக ஒரு சுளையை வாங்கி வாயில் போட்டார். முகம் கோணியது. ஓரமாகப் போய்த் துப்பினார்.

"என்ன பாய், வேப்பம்பழத்தையா பிரிச்சு வச்சிருக்கீங்க?"

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல," என்றார் துண்டுப் பெரியவர். "ஈக்குத் தெரியாதா?"

ராவுத்தர் ஒரு சுளையை எடுத்துக் கடித்தார். அவர் முகமும் கோணியது. நானும் கடித்தேன். கசப்பு தலைக்கு ஏறியது. மாதாவே, ஒரு பழம் எப்படிக் கசக்கும்? அப்புறம்தான் அவர் கையைப் பார்த்தேன். பலாப்பழம் பிரிக்கிறவர்கள் பால் ஒட்டாமல் இருக்கக் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். அவருடைய நல்லெண்ணெய்ச் சீசாவும் என் வேப்பெண்ணெய்ச் சீசாவும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கடையே வேப்பெண்ணெயில் நாறும்போது கை நாறுவது யாருக்குத் தெரியும்?

"நீங்க வச்சிட்டுப் போனது கைக்குத் தடவத்தான்னு நெனச்சேன், டீச்சரம்மா," என்றார்.

சீசாவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள் என்று உங்களுக்கு இப்போது பத்துத் தடவை சொல்கிறார்கள் அல்லவா? அந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மத்தியானத்துக்குள் பொன்னம்மா அக்காவின் பலகை காலி. ராவுத்தர் பலகையில் வைத்தது வைத்தபடி இருந்தது. அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. கையைக் கட்டிக்கொண்டு, விற்காத சுளைகளைப் பார்த்தபடி சொன்னார்:

"டீச்சரம்மா, நேத்து வரைக்கும் யாவாரம் இல்லாட்டி ஈயாவது ஓட்டிக்கிட்டு இருந்தேன். இப்ப ஓட்டுறதுக்கு ஈயும் இல்லாமப் பண்ணிட்டீங்களே!"

அவரே முதலில் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சாயங்காலம் புதுக்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். எண்ணெய் தடவிய கடையில் ஈ இல்லை. தடவாத கடையில் அடை அடையாக ஈ. காகிதத்தில் பார்த்தால் அதைவிட அழகான முடிவு கிடையாது. அப்படியே அதிகாரி மேஜையில் வைத்தால் முதுகில் தட்டிக்கொடுப்பார். ஆனால் காலையில் நான் எண்ணெய் தடவுவதற்கு முன் பொன்னம்மா அக்கா கடையில் இருந்த ஈயையும் எண்ணி எழுதியிருந்தேன். எண்ணெய் தடவிய அரை மணியில் அது ஏறக்குறைய இரட்டிப்பு. என் எண்ணெய் ஈயை விரட்டவில்லை, பக்கத்து வீட்டுக்கு விருந்துக்கு அனுப்பிவைத்திருந்தது.

கிளிக்குடி தாண்டும்வரை என் மனசு இரண்டு பக்கமும் பேசியது. காலைக் கணக்கை யாரும் கேட்கப்போவதில்லை. நானும் சொல்லாமல் விட்டால் ஏழாம் நாள் அதிகாரி நேரில் வருவார், ஒரு பலகை பளிச்சென்றும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் இருக்கும், என் முடிவு சரி என்பார், ஆனால் வரிசையைக் காலி செய்துவிடுவார். நான் ஜெயித்தால் அவர்கள் தோற்பார்கள். அப்படி ஒரு ஜெயம் எனக்கு எதற்கு?

மறுநாள் காலையில் அதிகாரியிடம் கண்டக்டர் துப்பியதுவரை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி, காலைக் கணக்கில் விரலை வைத்துப் பார்த்தார்.

"இத எழுதாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா," என்றார். பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "ஏழுல ஒண்ணு போச்சு. ஆறு இருக்கு. போ."

விராலிமலையில் இறங்கியபோது ராவுத்தரும் பொன்னம்மா அக்காவும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டை என் விஷயமாகத்தான்.

"நல்லா யாவாரம் பாத்துட்டு இப்ப என்ன பொலம்புற?" என்றார் ராவுத்தர்.

"ஒங்கடை ஈயும் சேந்துல்ல எங்கடையில அடைஞ்சிருச்சு! ஆபீசரு வந்தா மொதல்ல யாரத் தூக்குவாரு? என்னையத்தானே?" என்று சொன்ன அக்கா, என்னைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஏந்தாயி, பசியோட வந்த விருந்தாளிய ஒரு வீட்டுல வெரட்டுனா என்ன செய்யும்? அடுத்த வீட்டுக்குத்தான் போகும். வெரட்டுனா மட்டும் போதுமா? அங்கிட்டு ஒரு எலையப் போட்டு ஒக்கார வைக்க வேண்டாமா?"

நான் நோட்டைப் பிரித்தேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்கக்கா."

"என்னத்தச் சொல்ல? ஈக்குன்னு தனியா ஒரு எலையப் போடுன்னேன்."

அக்கா கோபத்தில்தான் சொன்னார். ஆனால் என் கூண்டும் தட்டும் சொல்லாத விஷயம் அதில் இருந்தது. இங்கே விரட்டினால் மட்டும் போதாது, வேறு எங்காவது இழுக்கவும் வேண்டும்.

"அப்ப நம்ம பலகையில ஈ இருக்காதே. ஈ இல்லாட்டி பஸ்ஸுக்காரங்க வாங்க மாட்டாங்களே?" என்று நான் கேட்டேன்.

ராவுத்தர் தாடியைத் தடவினார். பிறகு அவர் கண்ணில் குறும்பு வந்தது.

"அதே பழத்துல பாதிய ஈக்கு வைப்போம். மிச்சப் பாதிய இங்க விப்போம். கேக்கிறவனுக்கு, 'அந்தா பாரு, இதோட மறுபாதி. ஈ சாட்சி சொல்லுது'ன்னு கையக் காட்டுவோம். கோர்ட்டுலயே சாட்சி தள்ளி நின்னுதானே சொல்லுது!"

அன்று முழுக்க ஓடினோம். கடைகளுக்குப் பின்னால் தோலும் சக்கையும் குவிந்து கிடந்த மேட்டிலிருந்துதான் ஈ கிளம்பியது. வரிசைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து குழி வெட்டி அதைத் தள்ளி மூடினார்கள். என் வேப்பெண்ணெய் முழுவதும் அந்தக் குழிமேட்டுக்குப் போயிற்று. மனிதர் மூக்கு எட்டாத இடத்தில் அது எவ்வளவு வேண்டுமானாலும் நாறட்டும். கடைப் பலகைகளுக்கு இரண்டாம் வகுப்பில் தேறிய எலுமிச்சைப்புல் எண்ணெயைக் கொண்டுவந்தேன். சுளையில் படாமல், கழியில் கட்டிய துணியில் சில சொட்டு. "இது வாசம்! இதத் தடவிக்கிட்டு கல்யாணத்துக்கே போகலாம்," என்றார் ராவுத்தர். ஈக்கு இரண்டாவதாகப் பிடிக்காதது மனிதருக்கு முதலாவதாகப் பிடித்திருந்தது. என் கூண்டுக்குள் மனிதர் யாரும் இல்லாததால் அது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஈயின் இலையை முதலில் கடைக்கு மிக அருகில் போட்டுவிட்டேன். ஈக்கள் அங்கே சாப்பிட்டுவிட்டு, கை கழுவ இங்கே வருவதுபோல் பலகைக்கு வந்தன. மறுநாள் தள்ளிப் போட்டேன். போதவில்லை. நாலாம் நாள் குழிக்கும் கடைகளுக்கும் நடுவில் இருந்த புளியமரத்தடிக்கு மாற்றினேன். அங்கே வாழை இலை விரித்து, பிளந்த பழத்தின் பாதியை வைத்தோம். சாயங்காலம் அதை ஈயின் முட்டையோடு சேர்த்துக் குழியில் புதைத்துவிடுவோம். மறுநாள் புது இலை, புதுப் பழம். பழத்தை முறை வைத்து ஒருநாள் ஒருவர் கொடுத்தார்கள். ராவுத்தர் அதைச் 'சாட்சிப் பழம்' என்றார். பொன்னம்மா அக்கா 'ஈப்பந்தி' என்றார். எந்தப் பெயர் சரி என்று அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

ஐந்தாம் நாள் பஸ்ஸில் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். ராவுத்தர் மரத்தடியைக் காட்டினார். போய்ப் பார்த்துவிட்டு வந்து வாங்கினார்கள். ஆறாம் நாள் கண்டக்டர் தூரத்திலிருந்தே, "சாட்சி வந்தாச்சா?" என்று சத்தம் போட்டார். முதல் நாள் கசப்பை அவர் மறக்கவில்லை. ஆனாலும் ஒரு சுளை வாங்கினார், தின்றார், இன்னொன்றும் வாங்கினார்.

ஏழாம் நாள் காலையில் அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. பொன்னம்மா அக்கா முந்தானையால் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதிகாரி முதல் கடையிலிருந்து நடந்தார். ஒவ்வொரு பலகையிலும் குனிந்து பார்த்தார். குழியைப் பார்த்தார், மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்தார். கடைசியாக ராவுத்தர் கடைக்கு வந்து நின்றார். சுளைகள் மஞ்சளாக மின்னின. பலகையில் ஓர் ஈ இல்லை.

உத்தரவுக் காகிதம் அவர் சட்டைப் பையில் இருப்பது எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்து ராவுத்தரிடம் கேட்டார்:

"ஒரு ஈகூடக் காணமே. பழம் இனிக்குமா?"

முதலில் சிரித்தது பொன்னம்மா அக்காதான். அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. எங்கள் அதிகாரி ஆலங்குடிப் பக்கத்துப் பலாத்தோப்பில் பிறந்து வளர்ந்த மனிதர். படிப்பெல்லாம் மேலே இருந்தது, அடியில் இருந்தது எங்கள் பக்கத்துக்காரர்தான். தாம் கேட்டது என்னவென்று புரிந்ததும் அவர் காதுமடல் சிவந்தது. அப்புறம் அவரும் சிரித்துவிட்டார்.

ராவுத்தர் மட்டும் சிரிக்காமல், நீதிபதிக்குக் காட்டுவதுபோல் புளியமரத்தடியைக் காட்டினார். "அந்தா இருக்கு சாட்சி. போயி விசாரிச்சுட்டு வாங்க, எசமான்."

அதிகாரி போய் விசாரித்தார். கறுப்பாக மொய்த்திருந்த சாட்சியைப் பார்த்துவிட்டு வந்து, கையைக் கழுவி, ஒரு சுளை எடுத்துத் தின்றார். காகிதத்தைப் பையிலிருந்து எடுத்து, நாலாக மடித்து, பலாக்கொட்டையை அதில் துப்பி மடித்துக்கொண்டார். அந்த உத்தரவு அப்படித்தான் முடிந்தது. எனக்கு அங்கேயே ஒரு குதி குதிக்க வேண்டும்போல் இருந்தது. சேலையில் இருந்ததால் பேசாமல் நின்றேன்.

நல்ல எண்ணெய் எது என்று உங்கள் கூண்டு சொல்லும். அதை நம்புங்கள். ஆனால் எந்த இடத்தில் யார் நடுவில் அதைத் தடவப்போகிறீர்கள் என்பதைக் கூண்டு சொல்லாது. அதற்கு, ஒத்துப்போகாத இரண்டு பேர் போடும் சண்டையைக் காது கொடுத்துக் கேட்டால் போதும். எனக்குத் தெரிந்த பாடம் அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரையில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். விராலிமலையில் பஸ் நின்றது. ராவுத்தர் கடையில் தலைதலையாகக் கூட்டம். பழைய கடனைத் தீர்க்காமல் விடுவேனா? ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினேன்:

"என்ன ராவுத்தரய்யா, ஈ ஓட்டுறீங்களா?"

எண்ணெய் தடவிய இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவிலிருந்து அவரும் கத்தினார்:

"எங்கிட்டு டீச்சரம்மா! ஈ ஓட்ட ஏது நேரம்?"